ராஜாவுக்குப் பேர் இல்லாத கதை: ஞாயிறு பள்ளியில் சிப்பிராளும் பூவாளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் வேதாகமத்துப் பெண்களின் பேரைக் கேட்டால் ஏவாள், மரியாள், ரூத், எஸ்தர் என்று மளமளவென்று சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு பேரும் வராது. புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கிறீர்களா? மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள் இருவரிடமிருந்து தொடங்குங்கள். யாத்திராகமம் முதல் அதிகாரம், 15 முதல் 21 வரை. ஏழே வசனம்தான்.

படி 1: முந்தின வாரமே ஒரு வேலை கொடுங்கள். "அந்தக் காலத்தில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிள்ளை பிறந்தால் யார் வந்து பார்ப்பார்கள்?" என்று பாட்டியிடம் கேட்டு வரட்டும். போன தடவை ஒரு பையன், நடுராத்திரி மழையில் தாத்தா சைக்கிளை மிதித்துக்கொண்டு கித்தாக் காட்டு (ரப்பர் தோட்ட) வழியே மருத்துவச்சியைக் கூட்டி வந்த கதையைக் கொண்டுவந்தான். அதற்கப்புறம் மருத்துவச்சி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூவாள் என்ற பேரும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பூவாயி, பூவம்மா என்று பாட்டிகள் இல்லாத தோட்டம் உண்டா?

படி 2: கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியுங்கள். எபிரெயப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும்போது ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிட வேண்டும் என்பது எகிப்து ராஜாவின் கட்டளை. தேவனுக்குப் பயந்த அந்த இருவரும் அதைச் செய்யவில்லை. ராஜா கூப்பிட்டு விசாரித்தபோது, எபிரெயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்றார்கள். ஏழு வயதுக்குக் கீழ் இருந்தால் 'கொல்' என்ற சொல்லை விட்டுவிட்டு, "பிள்ளையை வாழ விடாதே என்றான்" என்று சொன்னால் போதும். தகரக் கூரையில் மழை அடித்தால் கத்திக்கொண்டிருக்காதீர்கள், நடிக்க விட்டுவிடுங்கள்.

படி 3: இதுதான் எனக்குப் பிடித்த இடம். வேதாகமத்தைக் கையில் கொடுத்து, "இந்த ஏழு வசனத்தில் ராஜாவின் பேரைக் கண்டுபிடிக்கிறவருக்கு இன்னொரு கப் மிலோ" என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளை "பார்வோன்!" என்று கத்தும். அது பேர் இல்லை, நம் ஊரில் சுல்தான் என்கிற மாதிரிப் பட்டம். மறுபடியும் தேடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி விரலை வசனத்தில் வைத்தபடியே தலை தூக்கினாள்: "டீச்சர், மருத்துவச்சிக்குப் பேர் இருக்கு, ராஜாவுக்கு இல்லையே!" அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகுங்கள். எனக்கு அது வர இரண்டு வருடம் ஆனது.

படி 4: பெரிய பிள்ளைகள் "அவங்க பொய் சொன்னாங்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள், அவர்களே வாதாடட்டும்.

அடுத்து யார்? பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் நின்ற செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், எண்ணாகமம் 27. சின்னவர்களுக்கு ரோதை, அப்போஸ்தலர் 12. சிறையிலிருந்து வந்த பேதுரு கதவைத் தட்ட, குரலை அடையாளம் கண்ட சந்தோஷத்தில் திறக்காமலேயே உள்ளே ஓடிய பெண். எதிரிப் படைத்தலைவனைக் கூடார ஆணி அடித்துக் கொன்ற யாகேலை (நியாயாதிபதிகள் 4) இப்போதைக்குத் தொடாதீர்கள், ஆணியும் சுத்தியலும் வேண்டாம்.

ரோதையை நடிக்கும் நாளில் பேதுருவின் கையில் ஒரு குடை கொடுத்து வெளியே அனுப்புங்கள். எங்கள் ரோதை நிஜமாகவே கதவைத் திறக்க மறந்துவிட்டாள்.