ஸ்க்வாட் ஆடப் போகிறீர்களா? முதலில் மைக்கைச் சரிபாருங்கள்

ஸ்க்வாட் என்ற கணினிப் போர் ஆட்டத்தின் கோரோடாக் மேப்பில் ஒரு மேட்டின் மேல் படுத்திருந்தேன். கீழே, மரங்களுக்குப் பின்னால், எதிரியின் கவச வண்டி ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. அதன் குழல் திரும்பிய பக்கத்தில்தான் எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. மைக் இருந்தது, எந்தப் பட்டன் என்றும் தெரியும். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லலாம் என்று மனத்துக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்து முடிப்பதற்குள் எட்டுப் பேரும் முடிந்துவிட்டார்கள். "அந்த வண்டியை ஒருத்தரும் பார்க்கவில்லையா?" என்று லீடர் கேட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஆட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம் அது. எனக்கு வயது 43. கண்ணாடி போட்டவன், பகலெல்லாம் கணக்கு எழுதுகிறவன். மவுஸ் பிடிக்கும் கையின் வேகத்தில் இருபது வயதுப் பையன்களோடு போட்டி போட முடியாது. அந்தக் கவலையே இங்கே தேவையில்லை என்று புரிய ஆறு மாதம் ஆனது. இந்த ஆட்டத்தில் குறி தப்புகிறவன் பிழைத்துக்கொள்வான், பேசாதவன்தான் கூட இருப்பவர்களையும் சேர்த்துக் கொல்வான். அதனால் துப்பாக்கியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி. 2005-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2 ஆட்டத்துக்கு ரசிகர்கள் சேர்ந்து செய்த பிராஜெக்ட் ரியாலிட்டி என்ற மாற்றுவடிவம் ஒன்று உண்டு. அதில் வேலை செய்தவர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கியதுதான் ஸ்க்வாட். 2015 டிசம்பரில் சோதனைப் பதிப்பாக ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடைக்கு வந்தது, முழுப் பதிப்பு 2020 செப்டம்பரில். பக்கத்துக்கு 50 பேர். அதற்குள் ஒன்பது ஒன்பது பேராக ஸ்க்வாடுகள். திரை நடுவில் குறிக்கோடு கிடையாது. எதிரியைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் குட்டி வரைபடம் கிடையாது. நீங்கள் சுட்டது பட்டதா, அவன் செத்தானா என்று ஆட்டம் சொல்லவே சொல்லாது. முதல் வாரம் இது எரிச்சலாக இருக்கும். மற்ற ஆட்டங்கள் திரையில் எழுதிக் காட்டும் செய்தியை இங்கே மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

முதல் நாள் நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள். ஜென்சன்ஸ் ரேஞ்ச் என்ற பயிற்சி மைதானம் இருக்கிறது. அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா சுடுங்கள். ஓடிவிட்டு உடனே சுட்டுப் பாருங்கள், நின்று மூச்சு வாங்கிவிட்டுச் சுட்டுப் பாருங்கள். 2023 செப்டம்பரில் காலாட்படைச் சண்டையை அடியோடு மாற்றினார்கள். அதற்குப் பிறகு, ஓடி வந்தவன் துப்பாக்கி தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடும். அந்த ஆட்டம் எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்பதை உங்கள் கை தெரிந்துகொள்ளட்டும். சாய்ந்து எட்டிப் பார்க்கும் பட்டன், மூச்சைப் பிடிக்கும் பட்டன், கட்டுப் போடும் முறை, எல்லாம் அங்கேயே பழகிவிடலாம்.

சர்வருக்குள் வந்ததும் ஸ்க்வாடுகளின் பட்டியல் தெரியும். பெயரில் காலாட்படை என்று இருப்பதில் சேருங்கள். டாங்கி, ஹெலிகாப்டர், மோட்டார் (குண்டு எறியும் சிறு பீரங்கி) என்று பெயர் வைத்தவற்றின் பக்கம் போக வேண்டாம். டிக்கெட் என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள இருப்புக் கணக்கு. ஆள் ஒருவன் செத்தால் நம் கணக்கில் ஒரு டிக்கெட் குறையும். வண்டி போனால் பல டிக்கெட். டிக்கெட் தீர்ந்தால் தோல்வி. சேர்ந்தவுடன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "நான் புதியவன், என்ன செய்யட்டும்?" இதற்கு யாரும் திட்டி நான் கேட்டதில்லை. லீடர் இரண்டு நிமிடமாக எதுவுமே பேசவில்லை என்றால், யோசிக்காமல் வேறு ஸ்க்வாடுக்கு மாறிவிடுங்கள். ஊமை லீடரின் கீழ் ஆடும் ஒரு மணி நேரம் வெறும் நடைப் பயணம்.

வேடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரைஃபிள்மேன் எடுங்கள். அவரிடம் தோட்டாப் பை இருக்கும். கீழே போட்டால் எல்லோரும் வந்து நிரப்பிக்கொள்வார்கள். ஒரு எதிரியைக்கூடச் சுடாமல் எட்டுப் பேருக்கு உபயோகமாக இருக்கும் வேடம் அது. தொலைநோக்கி வைத்த துப்பாக்கி கண்ணைப் பறிக்கும். விட்டுவிடுங்கள்.

சரி, பேசுவதற்கு வருவோம். குரலுக்கு மூன்று வழி. விசைகளை நீங்கள் மாற்றாமல் இருந்தால் 'வி' பக்கத்தில் நிற்பவர்களுக்கு, 'பி' உங்கள் ஸ்க்வாடுக்கு. 'ஜி' லீடர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, உங்களுக்கு இப்போது வேண்டாம். எதிரியைப் பார்த்தால் 'பி'யை அழுத்தி மூன்று சொல்ல வேண்டும்: திசை, தூரம், என்ன. "270, 200 மீட்டர், இரண்டு பேர்." முடிந்தது. அதற்கு ஆங்கில இலக்கணம் தேவையில்லை, எண்கள் போதும். திரையின் கீழே திசைமானி ஓடிக்கொண்டிருக்கும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. அதைப் பார்த்து அப்படியே படித்துவிடுங்கள். "இடது பக்கம்", "அங்கே", "அந்த வீட்டுக்குப் பின்னால்" என்பதெல்லாம் சொல்லாததற்குச் சமம். ஒன்பது பேரும் ஒன்பது பக்கம் பார்த்து நிற்கும்போது யாருடைய இடது? ஆனால் எதிரி இருபதடியில் நிற்கிறான் என்றால் இந்த ஒழுங்கையெல்லாம் மறந்துவிட்டு "வீட்டுக்குள்ளே!" என்று கத்துங்கள், தப்பில்லை.

உங்கள் திசைமானி உங்கள் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். 300 மீட்டர் தள்ளி நிற்கும் லீடருக்கு உங்கள் 270 வேறு எங்கோ காட்டும். தூரத்தில் இருப்பவருக்குச் சொல்ல மேப்பின் கட்டங்கள் இருக்கின்றன. எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெரிய கட்டம் ஒவ்வொன்றும் 300 மீட்டர். அதற்குள் ஒன்பது சிறு கட்டங்கள், தலா 100 மீட்டர். அவற்றுக்குத்தான் கீபேட் என்று பெயர். கீபோர்டின் வலது ஓரத்து எண்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றனவோ அதே வரிசை: மேலே 7, 8, 9. கீழே 1, 2, 3. "டி7, கீபேட் 3" என்றால் டி7 கட்டத்தின் தென்கிழக்கு மூலை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். ஃபோனில் எண்கள் தலைகீழ், 1 மேலே இருக்கும். மைக் பயம் போய் முதன்முதலாக நான் கம்பீரமாக ஒரு இடம் சொன்ன நாளில், மனக்கண்ணில் ஃபோனை வைத்துக்கொண்டு கீபேட் 9 என்றேன். எதிரிகள் செத்தபின் திரும்பி வரும் இடத்துக்கு வேண்டிய ரேடியோ இருந்தது 3-இல். எங்கள் மோட்டார்காரர்கள் அரைப் பெட்டிக் குண்டை வெறும் வயலில் கொட்டினார்கள். அன்றிலிருந்து சொல்வதற்கு முன் கீபோர்டை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்வேன். இப்போதும்.

இன்னொரு பாதி, எப்போது வாயை மூடுவது என்பது. செத்துக் கிடக்கும்போது உயிரோடு இருப்பவருக்கு வழிகாட்டாதீர்கள். சுட்டவன் எங்கே இருந்தான் என்று ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் காலடி ஓசையைக் கேட்க முயன்றுகொண்டிருப்பார்.

காதுக்கும் இங்கே பெரிய வேலை. ஹெட்ஃபோன் இல்லாமல் ஆட வேண்டாம். ரைஃபிள் தோட்டா ஒலியைவிட வேகமாகப் பறப்பது. அதனால் உங்களைக் கடக்கும்போது சாட்டை வீசியதுபோல் ஒரு 'பட்' கேட்கும். துப்பாக்கியின் சொந்தச் சத்தம், கொஞ்சம் மந்தமாக, பின்னால் வந்து சேரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால் இரண்டுக்கும் நடுவே அரை விநாடி இருந்தால் சுட்டவன் ஏறக்குறைய 300 மீட்டரில் இருக்கிறான். சாட்டைச் சத்தம் வந்த திசையை நம்பாதீர்கள், அது தோட்டா போன வழி. ஆள் இருக்கும் பக்கம் இரண்டாவது சத்தத்தில்தான் இருக்கிறது. சத்தம் கேட்டவுடன் திரும்பிச் சுடுவது கை சொல்லும் வேலை. முதலில் ஒரு சுவருக்குப் பின்னால் போங்கள், அப்புறம் எண்ணலாம்.

நடப்பதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவை செத்துச் செத்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. சாலையில் நடக்காதீர்கள். மேட்டின் உச்சிக்கோட்டில் நிற்காதீர்கள், வானத்தின் எதிரே கறுப்பாகத் தெரிவீர்கள். முன்னால் போகிறவரோடு பத்து மீட்டராவது இடைவெளி விடுங்கள், ஒரு கையெறி குண்டுக்கு இரண்டு பேர் வேண்டாம். புல்லில் படுத்தால் மறைந்துவிட்டோம் என்று நினைப்பதும் ஏமாற்றம். தொலைவில் இருக்கும் புல்லைக் கணினி வரைவதில்லை. உங்கள் கண் முன்னால் புல், அவன் கண்ணுக்கு வெறும் தரையில் படுத்த ஆள்.

ஸ்மோக் குண்டை எல்லோரும் தங்கள் காலடியிலேயே போடுகிறார்கள். அதனால் புகைக்குள் நிற்கும் உங்களுக்குத்தான் எதுவும் தெரியாது. எதிரிக்கோ "இங்கேதான் இருக்கிறார்கள்" என்று பலகை வைத்ததுபோல் ஆகிவிடும். உங்களுக்கும் அவனுக்கும் நடுவில், முடிந்தால் அவன் பக்கமாகத் தள்ளி எறியுங்கள். புகை கனக்கும்வரை பொறுங்கள். நான் பார்த்தவரை, எறிந்த உடனே ஓடிச் செத்தவர்கள்தான் அதிகம்.

துப்பாக்கிக்கு இவ்வளவு போதும்: நின்று, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சுடுங்கள். படாவிட்டாலும் பரவாயில்லை. தலைக்கு மேல் தோட்டா பறந்தால் எதிரிக்குப் பார்வை மங்கும், குறி ஆடும், அவன் குனிவான். அந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் இருவர் பக்கவாட்டில் போய்விடலாம். நாலு தோட்டா சுட்டவுடன் மேகசினை மாற்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள். பாதி காலியான மேகசின் பைக்குள் போய், அவசர நேரத்தில் திரும்பக் கைக்கு வரும். நம் ஆளையே சுட்டுவிட்டால் உடனே, எல்லோரும் பார்க்கும்படி, மன்னிப்பு எழுதுங்கள். இது நடக்காத ஆள் கிடையாது. மன்னிப்பு எழுதாதவர்களைத்தான் சர்வரை விட்டு அனுப்புவார்கள்.

நீங்கள் அடிபட்டு விழுந்தால் திரை இருண்டு, விட்டுவிடலாமா என்று கேட்கும். விடாதீர்கள். டிக்கெட் அங்கேதான் போகிறது. கட்டு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்களை எழுப்பலாம், முழுதாகக் குணமாக்க மெடிக் வேண்டும். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை, வர வழியுமில்லை என்று லீடர் சொன்னால் மட்டும் விடுங்கள். பிறரை எழுப்பப் போகும்போது வரிசை மாறக்கூடாது: அவரைச் சுட்டவன் இன்னும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான், முதலில் அவனை அடக்குங்கள் அல்லது புகை போடுங்கள், அப்புறம்தான் கட்டு.

தலைமை முகாமைத் தவிர, செத்தபின் திரும்பி வரும் இடங்கள் இரண்டு வகை. லீடர் வைக்கும் ராலி ஸ்க்வாடுக்கு மட்டும். ரேடியோ வைத்து அதன் அருகே மண்வெட்டியால் கட்டும் ஹாப் 50 பேருக்கும் பொது. எதிரிகள் கிட்டத்தில் வந்துவிட்டால் ஹாப் வேலை செய்யாது. முன்னால் 40 பேர் வீரமாகப் போரிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ஹாப் போய், எல்லோரும் தலைமை முகாமிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவதை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். அதனால் ஹாப் பக்கத்தில் ஒரு புதருக்குள் உட்கார ஒருவர் வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்குப் பிடிக்கும். ஒருமுறை 40 நிமிடம் ஒரு தோட்டாகூடச் சுடாமல் உட்கார்ந்திருந்தேன். 41-ஆவது நிமிடம் எதிரிகள் மூன்று பேர் ஹாபை இடிக்க மண்வெட்டியோடு வந்தார்கள். அந்த வாரத்தில் நான் சுட்டவர்கள் அந்த மூன்று பேர்தான்.

ஒரு சுற்று ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போகலாம். அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அன்றைக்குத் தொடங்காதீர்கள். ஐம்பது மணி நேரம் ஆனதும் ஒருமுறை லீடராகப் பாருங்கள். சொதப்புவீர்கள், ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டதெல்லாம் லீடருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இப்போது நான் லீடராக இருக்கும் நாட்களில், புறப்படும் முன் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு ஒரு சொல் பேசச் சொல்வேன். பேசாதவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான். போன வாரம் நார்வா மேப்பில் ஒருவர் பதிலே தரவில்லை. மைக் இருக்கிறது என்று எழுத்தில் மட்டும் போட்டார். "வாக்கியம் வேண்டாம், எதையாவது பார்த்தால் எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். அரை மணி கழித்து, நடுங்கும் குரலில், "ஒன்று பத்து, வண்டி!" என்று கேட்டது. ஒன்பது பேரும் சாலையை விட்டுச் சிதறி விழுந்து படுத்தோம்.

வந்தது எங்களுக்கே சாமான் ஏற்றி வந்த லாரி. ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். "நல்லது, அடுத்ததையும் சொல்லுங்கள்" என்றேன். இரண்டாவதும் லாரிதான். மூன்றாவது லாரி அல்ல.