மண் வரைபடத்தை வைத்து மழைநீரைக் கணக்கிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும்? இதைக் கணக்கிடத்தான் மண்ணை ஏ, பி, சி, டி என நான்கு நீரியல் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். ஏ என்பது விழுந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிடும் மணல். டி என்பது உள்ளே விடாத களிமண். இந்தப் பிரிவுகளை உலகம் முழுவதற்கும் 250 மீட்டர் கட்டங்களில் காட்டும் ஹைசாக்ஸ் வரைபடம் 2018-இல் வெளியானது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதனாலேயே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பலரும் நேராகக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள்.

வரைபடக் கோப்பைத் திறந்தால் 1, 2, 3, 4, 11, 12, 13, 14 என்று எண்கள் இருக்கும். இவை வெறும் குறியீடுகள், அளவுகள் அல்ல. 1 என்றால் ஏ, 4 என்றால் டி, 11 என்றால் ஏ/டி. கட்டத்தின் அளவை மாற்றும்போது மென்பொருளில் ‘பைலீனியர்’ என்று கொடுத்துவிட்டால், அது பக்கத்துக் கட்டங்களைக் கலந்து சராசரி போட்டுவிடும். 1-ம் 11-ம் கலந்தால் 6. அப்படி ஒரு மண் உலகத்திலேயே கிடையாது. நானும் ஒருமுறை இப்படிச் செய்தேன். வரைபடம் வழுவழுவென்று அழகாக வந்ததால் சந்தேகமே வரவில்லை. குறிவிளக்கத்தில் 7 என்று பார்த்த பிறகுதான் உறைத்தது. குறியீட்டு வரைபடத்துக்கு, மிக அருகிலுள்ள கட்டத்தின் எண்ணைக் கலக்காமல் அப்படியே எடுக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ போன்ற முறைதான் சரி.

11 முதல் 14 வரையுள்ள இரட்டைப் பிரிவுகள், நிலத்தடி நீர் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே நிற்கும் இடங்கள். வடிகால் வெட்டிய நிலத்துக்கு முதல் எழுத்து, வெட்டாத நிலத்துக்கு டி. எல்லாவற்றுக்கும் முதல் எழுத்தையே எடுத்தால் சதுப்பு நிலம்கூட மணல்மேடு போல நடந்துகொள்ளும்.

அடுத்தது கொஞ்சம் ஆழமான சிக்கல். இந்த வரைபடம் தண்ணீர் இறங்கும் வேகத்தை எங்கும் அளந்து போட்டதல்ல. மணல், களி சதவீதத்தையும், அடிப்பாறையும் நிலத்தடி நீரும் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதையும் வைத்துப் பிரித்தது. களி 40 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் டி. ஆனால் அமேசான் படுகையிலும் நடு ஆப்பிரிக்காவிலும் உள்ள ஆக்சிசால் எனப்படும் செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் களியைக் குருணை குருணையாகப் பிணைத்து வைத்திருக்கும். களி நிறைய இருந்தாலும் அந்த இடுக்குகள் வழியே தண்ணீர் மணலில் இறங்குவது போல இறங்கிவிடும். கரிசல் மண்ணின் கதை வேறு. காய்ந்து வெடித்திருக்கும்போது முதல் மழையை அப்படியே விழுங்கும். நனைந்து உப்பி வெடிப்பு மூடியதும் தண்ணீர் மேலேயே நிற்கும். ஒரே வயல், ஒரே பருவம், இரண்டு விதமான நடத்தை. வரைபடத்திலோ ஒரே ஒரு எழுத்து.

பலரும் கவனிக்காமல் விடுவது சராசரி விஷயம். மண் பிரிவையும் நிலப்பயன்பாட்டையும் சேர்த்து ‘கர்வ் நம்பர்’ என்ற எண்ணை எடுக்கிறோம்; அது கூடக்கூட வழிந்தோடும் நீரும் கூடும். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் பாதி 50, பாதி 90 என்று வைத்துக்கொள்வோம். மழை 60 மி.மீ. எண்களைச் சராசரி செய்து 70 என்று போட்டால், வழிந்தோடுவது சுமார் 10 மி.மீ. தனித்தனியே கணக்கிட்டால் முதல் பாதியில் 0.3 மி.மீ., இரண்டாம் பாதியில் ஏறக்குறைய 36 மி.மீ.; சராசரி 18 மி.மீ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்! இந்த எண்ணிலிருந்து வழிந்தோடும் நீரைக் கண்டுபிடிக்கும் சமன்பாடு நேர்கோடு இல்லை என்பதுதான் காரணம். முதலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வழிந்தோடும் நீரைக் கண்டுபிடியுங்கள், சராசரியைப் பிறகு போடலாம்.

மண் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு நிலப்பயன்பாட்டை விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏ பிரிவு மணலாகவே இருந்தாலும் மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் எப்படி இறங்கும்?

கடைசியாக, ஒரு கட்டம் என்பது 6.25 ஹெக்டேர். அதற்குள் மேடும் பள்ளமும் பாறையும் எல்லாம் இருக்கலாம். இதற்கு அடிப்படையான சாயில்கிரிட்ஸ் என்ற உலக மண் தரவே, உலகெங்கும் குழி தோண்டி எடுத்த சுமார் 1,50,000 மண் விவரங்களைக் கொண்டு கணினி ஊகித்தது. குழிகள் நெருக்கமாக உள்ள நாட்டில் ஊகம் நம்பகமாக இருக்கும், ஆளில்லாப் பாலைவனத்தில் அந்த அளவுக்கு இருக்காது. பெரிய ஆற்றுப்படுகைக்கு இது போதும். ஒரு வயலுக்கு வடிகால் போடுவதானால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்களை மண்ணில் அடித்து, தண்ணீர் ஊற்றி, மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று நேரில் அளந்துவிடுங்கள்.