பூனைக்குட்டியின் முதல் 12 மாதங்கள்: தராசிலிருந்து தொடங்குங்கள்

உடம்பு சரியில்லாத பூனைக்குட்டி கத்தி ஊரைக் கூட்டாது. மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். தூங்குகிறது என்று விட்டுவிடுவோம். அதனால் பொம்மை, மெத்தை வாங்குவதற்கு முன்னால், கிராம் கணக்கில் காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு ஒன்றை எடுத்து வையுங்கள்.

படி 1: எடை போடுங்கள்

தராசின் மேல் ஆழமான கிண்ணம் ஒன்றை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, குட்டியை உள்ளே விடுங்கள். அது அசைய அசைய எண் ஓடும். மூன்று தடவை பார்த்து நடுவில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரம், காலைத் தீனிக்கு முன்.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். முதல் வாரங்களில் நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். 8 வாரத்தில் 800, 900 கிராம் வாக்கில் வந்துவிடும். அதன்பின் 6 மாதம் வரை மாதத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள். இரண்டு நாள் நின்றாலோ, எடை குறைந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். 12 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு முறை போட்டால் போதும்.

படி 2: தாயில்லாக் குட்டியா?

தாயிடமிருந்து பிரிக்க 8 வாரமாவது ஆக வேண்டும். 12 என்றால் இன்னும் நல்லது. அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டால் பசும்பால் வேண்டாம். அதிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். இத்தனை சின்ன உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது. பூனைக்குட்டிக்கென்றே வரும் பால் பவுடரைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரையுங்கள். முதல் இரண்டு வாரம் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும்.

குட்டி சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், பிறகுதான் பால். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு கீழே, தலை சற்றே மேலே. 3 வாரம் வரை தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவிவிடுங்கள்.

படி 3: தீனி

முதல் சில நாள் பழைய இடத்தில் தின்றதையே கொடுங்கள். மாற்றுவதானால் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 நாளில் மாற்றுங்கள். 6 மாதம் வரை நாளுக்கு 3, 4 வேளை. பிறகு 2 வேளை. பொட்டலத்தில் வளரும் குட்டிக்கானது என்று இருக்க வேண்டும்.

நாய்த் தீனி வேண்டாம். பூனைக்கு வேண்டிய அளவு டாரின் என்ற சத்து அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து போதாமல் எலும்பு வலுவிழக்கும்.

படி 4: மணல் தட்டு

மலம், சிறுநீர் கழிக்க, ஏறி இறங்கும்படி விளிம்பு தாழ்ந்த தட்டு. சின்னக் குட்டி மணலையும் தின்று பார்க்கும், ஆகவே ஈரம் பட்டால் கட்டியாகாத வகை. தீனிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

படி 5: புழு, ஊசி, தெள்ளுப்பூச்சி

உருளைப்புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும். புழு மருந்து 2, 4, 6, 8 வாரங்களில், பிறகு 6 மாதம் வரை மாதா மாதம். அளவு எடையைப் பொறுத்தது. எடைக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் தாண்டும் வரை போடுவார்கள். "ஒன்று போட்டாயிற்றே, போதாதா?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாய் கொடுத்த எதிர்ப்பாற்றல் இருக்கும் வரை ஊசி பிடிக்காமல் போகலாம். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் கடைசி ஊசி முக்கியம். வெறிநோய்த் தடுப்பூசி பெரும்பாலும் 12 வாரத்திலிருந்து.

தெள்ளுப்பூச்சி மொய்த்தால் சின்னக் குட்டிக்கு ரத்தசோகையே வரும். ஈறு வெளுத்திருக்கிறதா பாருங்கள். நாய்க்கான மருந்தைப் பாதி போட்டால் போதும் என்ற கணக்கு இங்கே உயிரை எடுக்கும். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பாரசிட்டமால் மாத்திரையும் அப்படியே.

படி 6: விளையாட்டு

கையை ஆட்டி விளையாட்டுக் காட்டினால், பெரிதானதும் அதே கையைத்தான் கடிக்கும். குச்சியில் கட்டிய இறகு நல்லது; ஆடி முடித்ததும் பூட்டி வையுங்கள். நூலை விழுங்கி நுனி பின்பக்கம் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே அது குடலை அறுத்துவிடும். நேரே மருத்துவமனைதான்.

படி 7: கருத்தடை

பெண்குட்டி 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். 4, 5 மாதத்தில் செய்துவிடுவது நல்லது. கடுவன் குட்டிக்கும் அப்போதே. அறுவைக்குப் பின் பசி கூடும், உடம்புக்கு வேண்டிய தீனியோ குறையும். இதுவரை எடை ஏறவில்லையே என்று பார்த்த குறிப்பேட்டில் இனி அதிகம் ஏறுகிறதா என்று பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. 12 மாதம் ஆனதும் பெரிய பூனைத் தீனிக்கு மாற்றலாம், அதே 7 நாள் கணக்கில்.