ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும்போது எங்கே வழுக்குகிறோம்?

வறுமையும் ஏற்றத்தாழ்வும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதி விவாதங்கள் தடம் புரள்கின்றன. "வறுமைதான் குறைந்துவிட்டதே, இன்னும் என்ன புலம்பல்?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் கோடீசுவரர் பட்டியலை எடுத்து நீட்டுவார். இரண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசுகிறார்கள். வறுமை என்பது ஒரு கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்ற கணக்கு; ஏற்றத்தாழ்வு என்பது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே உள்ள தூரம். ஒன்று குறையும்போதே மற்றது கூடலாம். 1980களுக்குப் பிறகு சீனாவில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மேலே வந்தார்கள், அதே காலத்தில் இடைவெளியும் விரிந்தது.

அடுத்தது சராசரி மயக்கம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தலா 10, ஒருவருக்கு மட்டும் 910 என்றால் சராசரி 100. அந்த நூறை வாங்குகிற ஆள் அங்கே யாருமே இல்லை! தனிநபர் வருமானம் ஏறுகிறது என்ற செய்தியைப் பார்த்ததும் குதிப்பவர்கள் இதை ஒரு தரம் யோசிக்கலாம். வருமானத்தை மட்டும் பார்த்துவிட்டு சொத்தை மறப்பதும் இதே ரகம்தான். 2022ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கைப்படி, உலக வருமானத்தில் மேல்தட்டு 10 சதவீதத்தினரின் பங்கு 52 சதவீதம், சொத்தில் 76 சதவீதம். கீழ்ப் பாதியிடம் உள்ள சொத்து வெறும் 2 சதவீதம். நோய் வந்தாலோ வேலை போனாலோ தாங்கிப் பிடிப்பது சொத்துதான், போன மாதச் சம்பளம் இல்லை.

சரி, எனக்கு ரொம்ப எரிச்சலூட்டும் தவறுக்கு வருகிறேன்: "முதலில் வளரட்டும், அப்புறம் பங்கிடலாம்." இதற்குத் துணையாகப் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸை இழுப்பார்கள். வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடி, பிறகு தானாகக் குறையும் என்று 1955இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார், உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுரையில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம் என்று அவரே எழுதி வைத்திருப்பதை யாரும் சொல்வதில்லை. மேற்கத்திய நாடுகள் பலவற்றில் 1980களுக்குப் பிறகு இடைவெளி மறுபடி விரிந்தது. தானாகக் குறையும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிட்டது. தென்கொரியா பங்கீட்டை முன்னாலேயே செய்தது. 1950இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தில் ஒரு குடும்பம் கிட்டத்தட்ட 3 ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்க முடியாமல் போனது. பெரிய வளர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முன்பே பங்கிட்டது வளர்ச்சியைக் கெடுக்கவில்லை. பன்னாட்டு நாணய நிதியத்தின் 2015ஆம் ஆண்டு ஆய்வும் இதையொட்டித்தான் பேசுகிறது: மேல்தட்டு 20 சதவீதத்தினரின் வருமானப் பங்கு 1 சதவீதப் புள்ளி கூடினால் அடுத்த ஐந்தாண்டுகளில் வளர்ச்சி 0.08 சதவீதப் புள்ளி குறைகிறது. அடித்தட்டு 20 சதவீதத்தினருக்கு அதே அளவு கூடினால் வளர்ச்சி 0.38 புள்ளி ஏறுகிறது.

சுற்றுச்சூழல் வேறு, ஏற்றத்தாழ்வு வேறு என்று தனித்தனிக் கோப்பு போடுவது இன்னொரு தவறு. பிரான்சில் 2018இல் செல்வ வரியைச் சுருக்கினார்கள், அதே ஆண்டு காலநிலையைக் காரணம் காட்டி எரிபொருள் வரியையும் ஏற்றினார்கள். கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத சிற்றூர்க்காரர்கள் நவம்பரில் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு சாலையை மறித்தார்கள். அடுத்து வரவிருந்த வரி உயர்வை டிசம்பரிலேயே அரசு கைவிட்டது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய பாதி மேல்தட்டு 10 சதவீதத்தினருடையது; சுமையை மட்டும் கீழே இறக்கினால் நல்ல கொள்கையும் தெருவில் தோற்கும்.

கடைசியாக, இலக்கு இருக்கிறது என்றதும் நிம்மதியாகிவிடுவது. ஐ.நா. 2015இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பத்தாவது, ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. அதன் முதல் உட்பிரிவு, அடித்தட்டு 40 சதவீதத்தினரின் வருமானம் 2030க்குள் நாட்டுச் சராசரியைவிட வேகமாக வளர வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் உச்சியில் இருக்கும் 1 சதவீதம் அதைவிட வேகமாகப் போனாலும் இந்த அளவுகோலில் தேர்ச்சி பெற்றுவிடலாம்.