டிரைவ் டிரிப் ஆனால் ரீசெட் பொத்தானை முதலில் தொடாதீர்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் முதல் மாதத்திலேயே இதைச் சந்தித்துவிடுவார்கள். தோல் சுழலும் டிரம் நின்றிருக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் டிரிப் ஆகி, அதாவது பழுதைக் கண்டு தானே நிறுத்திவிட்டு, திரையில் பழுதைச் சொல்லும் இரண்டு எழுத்துகளைக் காட்டி மின்னும். பின்னால் சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். கை தானாக ரீசெட் பொத்தானுக்குப் போகும். போகவிடாதீர்கள்.

முதலில் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆபரேட்டரிடம் கேளுங்கள்: கிளம்பும்போது நின்றதா, ஓடும்போதா, நிறுத்தும்போதா? பாதிப் பழுது இந்தக் கேள்வியிலேயே பிடிபடும். குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ளுங்கள்.

நிறுத்தும்போது அதிக மின்னழுத்தம் என்று காட்டினால், பலரும் மின்வாரிய சப்ளையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் டிரம்தான். ஈரத்தோலும் தண்ணீருமாகக் கனத்துச் சுழலும் டிரம்மைச் சட்டென்று நிறுத்த முயன்றால், அது மோட்டாரை இழுத்துச் சுற்றி ஜெனரேட்டராக்கிவிடும். அந்த மின்சாரம் டிரைவுக்குள் திரும்புகிறது. 415 வோல்ட் சப்ளையில் டிசி பஸ் (டிரைவுக்குள் இருக்கும் நேர்மின்னோட்டப் பகுதி) சாதாரணமாக 585 வோல்ட் அளவில் இருக்கும். 800 வோல்ட்டை நெருங்கினால் பல டிரைவுகள் டிரிப் ஆகிவிடும். நிற்கும் நேரத்தை 10 வினாடியிலிருந்து 30 வினாடியாகக் கூட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால், திரும்பும் மின்சாரத்தைச் சூடாக மாற்றிக் கழிக்கும் பிரேக் ரெசிஸ்டரையும் அதன் வயரையும் சோதியுங்கள்.

கிளம்பும்போது அதிக மின்னோட்டமா? தோல் ஒரே பக்கமாகக் குவிந்திருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், வேகமெடுக்கும் நேரம் குறைவாக இருக்கலாம்.

அதிகச் சூடு என்றால் டிரைவின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைப் பாருங்கள். பல டிரைவுகள் சுற்றுப்புறச் சூடு 40 டிகிரி வரைதான் முழு மின்னோட்டம் தரும். வேலூர் வெயில் மே மாதத்தில் அதைத் தாண்டும், மூடிய பேனலுக்குள் இன்னும் கூடும். தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் வேலையின் தூசி ஃபேனை அடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். கோடையில் நான் பார்த்த டிரிப்புகளில் பெரும்பாலானவை இந்தத் தூசியால் வந்தவைதான்.

எர்த் பழுது, அதாவது மின்சாரம் தரைக்குக் கசிவதாகக் காட்டினால் மெயினை அணைத்துப் பூட்டுங்கள். கையேடு சொல்லும் நேரம், பலவற்றில் 5 முதல் 10 நிமிடம், காத்திருங்கள். திரை அணைந்தாலும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் மிச்சமிருக்கும். டிசி முனைகளை மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து கழற்றிய பிறகே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வையுங்கள். கழற்றாமல் மெகர் அடித்தால் நல்ல டிரைவும் போய்விடும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரிலோ கேபிளிலோ ஈரம் இறங்கியிருக்கலாம், இன்சுலேஷன் கெட்டிருக்கலாம்.

காரணத்தைச் சரிசெய்த பின்பு ரீசெட். ஆனால் ஸ்டார்ட் சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால், சில டிரைவுகள் ரீசெட் ஆன உடனே மோட்டாரைக் கிளப்பிவிடும். தோலை எடுக்க டிரம்முக்குள் ஆள் தலையை நீட்டியிருப்பார், சில சமயம் உள்ளேயே இறங்கியிருப்பார். சுவிட்சை ஆஃப் செய்யுங்கள், டிரம்மை நேரில் போய்ப் பாருங்கள், குரல் கொடுங்கள். அதன் பிறகே பொத்தான். தானியங்கி ரீசெட் வசதியை டிரம்களில் முடக்கியே வையுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் ஓட்டம் 10 ஹெர்ட்ஸில். வயரைக் கழற்றாமலே மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ் மின்னோட்டமும் ஏறக்குறைய சமமா என்று பாருங்கள். சமமாக இருந்தால் மெல்ல வேகத்தைக் கூட்டி, மோட்டார் பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியருக்குள் நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகு டிரம்மை ஆபரேட்டரிடம் ஒப்படையுங்கள்.