ரேஸ் கார் மாற்ற விதிகள்: படிக்கும்போதே செய்யும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பையன்களுக்கு, வேலந்தாவளம் தாண்டினால் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் பக்கம்தான். வண்டி வேலையில் கில்லாடிகள். விதிப் புத்தகத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

“கூடாதுன்னு எங்கேயும் போடலையே!” அடிக்கடி காதில் விழும் வாதம் இது. கம்பெனியில் வந்தபடி ஓட்ட வேண்டிய பிரிவுகளில் கணக்கே தலைகீழ். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் வண்டி விதித் தொகுப்பு அப்பெண்டிக்ஸ் ஜே. அதில் கம்பெனி வண்டிகளுக்கான குரூப் என் பகுதியில், அனுமதி தராத மாற்றம் எல்லாமே தடை என்று பட்டவர்த்தனமாகவே இருக்கிறது. உங்கள் பிரிவும் அப்படித்தானா என்பதை இந்திய மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் விதிகளிலும் நீங்கள் ஓடும் போட்டிக்கென்று தனியாகப் போடும் துணை விதிகளிலும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பத்து வேலை செய்வது. ஏர் ஃபில்டர் எலிமென்ட்டை (பாக்ஸுக்குள் இருக்கும் வடிகட்டியை) மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மாள் பாக்ஸையே கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் மாட்டுவார். பேட்டரி இடிக்கும்; அதை டிக்கிக்குத் தள்ளுவார். அப்புறம் குளிர்ந்த காற்று வர உள் ஃபெண்டரில் ஓட்டை. கேட்டால், “ஃபில்டர் மாத்தலாம்னு இருக்கே!” அனுமதித்த மாற்றம் அனுமதிக்காத இன்னொன்றைக் கூடவே இழுத்து வரக் கூடாது, இதுவும் அதே அப்பெண்டிக்ஸில் உண்டு. இங்கே எலிமென்ட் ஒன்றுக்குத்தான் அனுமதி.

“இதனால ஒரு செகண்டுகூட மிச்சமாகலை சார்” என்பதும் எடுபடாது. வேகம் கூடவில்லை என்பதை ஒரு வாதமாகவே ஏற்கக் கூடாது என்கிறது எஃப்.ஐ.ஏ.வின் விளையாட்டுச் சட்டம். வண்டி விதிப்படி இருக்கிறது என்று காட்டுவதும் வண்டியைப் போட்டிக்குப் பதிவு செய்தவரின் பொறுப்புதான். ஆகவே, அசல் அமைப்பு எது என்று காட்ட, கம்பெனி வொர்க்‌ஷாப் மேனுவல் கையில் இருக்கட்டும்.

காலையில் ஸ்க்ரூட்டினி, அதாவது போட்டிக்கு முந்தைய வண்டிச் சோதனை, முடிந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் பெல்ட், ஹெல்மெட், ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு) போன்ற பாதுகாப்பு விஷயங்களைத்தான் பார்ப்பார்கள். ஓட்டம் முடிந்தபின் போட்டியாளர் ஒருவர் ப்ரொடெஸ்ட் (எழுத்துப்பூர்வப் புகார்) கொடுத்தால் இன்ஜினே திறக்கப்படலாம். டீ குடிக்கும்போது அதிகாரி ஒருவர் “பரவாயில்லப்பா” என்றது அப்போது உதவாது. சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, ரோடு. போட்டியில் செல்லுபடியாகும் மாற்றம் எம்.வி.டி.யிடமும் (கேரள மோட்டார் வாகனத் துறை) செல்லுபடியாகும் என்று அர்த்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதே ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிராக்குக்கு மட்டுமான வண்டி என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.