கேட்டல் ஆய்வுக்குக் கைக்குழந்தையுடன் போகும்போது

தூக்கத்தில் செய்யும் கேட்டல் ஆய்வு என்றால், வழியில் குழந்தையைத் தூங்கவிடாமல் கூட்டிப்போய், அங்கே பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்சைகை 1 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. குழந்தை நெளிந்தாலோ சப்பினாலோ தசைகளின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். அயர்ந்து தூங்கினால் அளவீடு சீக்கிரம் முடியும். அன்று நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய், கிரீம் வேண்டாம், மின்சைகையைப் பிடிக்கத் தோலில் ஒட்டும் மின்முனை ஒட்டாது.

சத்தம் வரும் பக்கம் தலை திருப்புகிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கு (சுமார் 6 மாதத்துக்கு மேல்) இது பொருந்தாது. அதற்குத் தூங்கி எழுந்த, வயிறு நிறைந்த குழந்தைதான் வேண்டும். எந்த வகை என்று முன்பே கேட்டுவிடுங்கள். பச்சிளம் குழந்தையையோ குறைமாதக் குழந்தையையோ தூக்க ஆய்வுக்காகப் பசியோடு வைக்கவே கூடாது. சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்; நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு மாறும்.